அயர்லாந்துப் பாட்டிகளும் கேலாங் பாட்டிகளும்



நெடுநாள்களாக எழுத எண்ணிப் பாடக்குறிப்புகளுக்கும் தேர்வுத்தாள்களுக்கும் இடையே தள்ளிப்போட்டு வந்த ஒன்றை, இந்தப் பள்ளி விடுமுறையில் எழுதி முடித்துவிட வேண்டுமென்று அமர்ந்திருக்கிறேன். அயர்லாந்து நாட்டின் பழைய மொழியைப் பற்றியும், அதன் தொன்மக் கதைகளைப் பற்றியும், அவற்றின் வழியாகக் கேலாங்கில் உள்ள என் தமிழ் வகுப்பில் நடந்த ஒரு சிறு முயற்சியைப் பற்றியும் இப்பதிவு பேசும். அயர்லாந்துக்கும் தமிழாசிரியைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அந்தத் தொடர்பை எனக்குக் காட்டியவர் ஒரு தமிழர்.

தேசியக் கல்விக் கழகத்தில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், நூலகத்தில் பேராசிரியர் க. கைலாசபதியின் ஆங்கில நூல் ஒன்று கையில் கிடைத்தது. சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாகக் கண்டு ஆராயும் அந்நூல் 1968-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் வெளியானது. கைலாசபதி 1933-இல் நமக்கு அண்டையில் உள்ள கோலாலம்பூரில் பிறந்தவர். பின்னாளில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானவர். புறநானூற்றுப் பாடல்களைக் கிரேக்க, வேல்சிய, ஐரிஷ் வீரப்பாடல்களோடு அவர் ஒப்பிட்டார். பாணரும் புலவரும் வாய்மொழி மரபில் நின்று பாடியவர்கள் என்பது அவர் முடிவு. அம்முடிவை ஏற்காத அறிஞர்களும் உளர். ஆயினும் ஒளவையாரும் கபிலரும் உலகின் பிற மூலைகளில் வாழ்ந்த பாவலர்களோடு ஒரே அவையில் அமர்ந்திருப்பதை அந்நூலில்தான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

கைலாசபதிக்குப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வழிகாட்டியாக இருந்தவர் ஜார்ஜ் தாம்சன் என்னும் கிரேக்கப் பேராசிரியர். இந்த ஆங்கிலேயர் இளமையில் ஐரிஷ் மொழியைக் கற்றார். 1923-இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள பிளாஸ்கெட் தீவுக்குச் சென்று, மீனவர்களோடு பழகி அவர்கள் மொழியிலேயே பேசினார். பின்னர்க் கால்வே நகரில் கிரேக்க இலக்கியத்தை ஐரிஷ் மொழி வழியாகவே கற்பித்தார். தீவினர் நாள்தோறும் பேசிய பேச்சில் கவிதையும் பழமொழியும் இயல்பாகக் கலந்திருந்ததைக் கேட்ட பிறகே, ஹோமரின் காவியங்கள் எத்தகைய மண்ணில் முளைத்தவை என்பது அவருக்கு விளங்கியதாம். பிளாஸ்கெட் மீனவர் ஹோமரைப் புரியவைத்தனர்; அந்தப் புரிதலோடு இருந்த ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார் புறநானூற்றை ஆராய்ந்த தமிழ் மாணவர். அறிவு கைமாறும் வழிகள்தாம் எத்துணை வியப்புக்குரியவை!

இனி அந்த மொழியைச் சற்று அறிமுகப்படுத்துகிறேன். ஐரிஷ் மொழியின் மிகப் பழைய சான்றுகள் கல்லில் உள்ளன. ஓகம் என்பது அவ்வெழுத்து முறையின் பெயர். நிமிர்ந்து நிற்கும் கல்லின் விளிம்பையே நடுக்கோடாகக் கொண்டு, அதன் இருபுறமும் கீறப்பட்ட கோடுகளின் எண்ணிக்கையால் எழுத்தை அறிய வேண்டும். தொடக்கத்தில் இருபது எழுத்துகள். ஐந்தைந்தாக நான்கு குழுக்கள். பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அயர்லாந்திலும் பிரிட்டனின் மேற்குப் பகுதிகளிலுமாக ஏறத்தாழ 400 கற்கள் கிடைத்துள்ளன, பெரும்பாலானவை கி.பி. 4 முதல் 6-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் காவியம் ஏதும் இல்லை. ‘இன்னாரின் மகனாகிய இன்னாருடையது’ என்ற அளவில் பெயர்கள் மட்டுமே உள்ளன. நம் தமிழ்பிராமிக் கல்வெட்டுகளிலும் பெயர்களும் உறவுமுறையுமே மிகுதியாகக் காணப்படுவதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மனிதன் எழுதக் கற்றவுடன் முதலில் எழுத விரும்புவது பெயரைத்தான் போலும். முதல் வகுப்புக் குழந்தைகளிடம் நாம் நாள்தோறும் காண்பதும் அதுதானே?

கல்லுக்குப் பிறகு ஏடு. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவியர் இலத்தீன் நூல்களைப் படிக்கும்போது, வரிகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் தம் தாய்மொழியில் பொருள் எழுதி வைத்தனர். பழைய ஐரிஷ் மொழியின் இலக்கணத்தை இன்றைய அறிஞர்கள் மீட்டெடுத்ததற்கு இந்தக் குறிப்புகளே பேருதவி புரிந்தன. மாணவர்கள் ஆங்கிலப் புத்தகத்தின் ஓரத்தில் தமிழில் பொருள் எழுதினால், அதை அழிக்கச் சொல்வதற்கு முன் இருமுறை எண்ணுங்கள்!

இம்மொழி ஆராய்ச்சியின் கிளையொன்று இந்தியாவிலும் வளர்ந்தது. டப்ளினில் பிறந்த விட்லி ஸ்டோக்ஸ் 1862-இல் சென்னைக்கு வந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டத்தொகுப்புகள் பலவற்றை வரைந்தவர். பகலில் சட்டம் எழுதியவர் ஓய்வு நேரங்களில் பழைய ஐரிஷ் ஏடுகளைப் பதிப்பித்தார். ‘கோர்மாக்கின் சொற்களஞ்சியம்’ எனப்படும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஐரிஷ் நிகண்டின் மொழிபெயர்ப்பு, அவர் பதிப்பில் 1868-இல் கல்கத்தாவில் அச்சானது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயரும் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவரே என்பது ஆசிரியர் பலரும் அறிந்த செய்தி.

கதைக்கு வருவோம். பழைய ஐரிஷ் இலக்கியத்தின் தலைசிறந்த வீரக்கதை ‘டாயின்’ என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. முழுப்பெயரைத் தமிழாக்கினால் ‘கூலி நாட்டு ஆநிரை கவர்தல்’ என்று வரும். ஆம், நம் வெட்சித் திணையேதான்! கொனாக்ட் நாட்டு அரசி மேவும் அவள் கணவன் அலிலும் ஒருநாள் யாருடைய செல்வம் பெரிது என்று எண்ணிப் பார்க்கின்றனர். எல்லாம் சமமாக இருக்கின்றன. அலிலிடம் உள்ள வெண்கொம்புக் காளை ஒன்றுக்கு மட்டும் அரசியிடம் ஈடில்லை. கூலியில் உள்ள பழுப்புக் காளையைக் கவரப் படை புறப்படுகிறது. அல்ஸ்டர் நாட்டு வீரர்கள் ஒரு சாபத்தால் நோயுற்றுக் கிடக்க, பதினேழே வயதான கூகுலின் என்னும் வீரன் தனி ஒருவனாக ஆற்றுத்துறையில் நின்று அப்படையைத் தடுக்கிறான். தன்னோடு சேர்ந்து வளர்ந்த நண்பன் ஃபெர்டியாவையே எதிர்த்துப் போரிட்டுக் கொன்று, அவனைத் தாங்கிக்கொண்டு அழுகிறான்.

ஆநிரை கவர்தலும் மீட்டலும் பழந்தமிழகத்திலும் போரின் முதற்படி. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில் ‘ஆகோள்’ என்ற சொல்லே தமிழ்பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியத்தில் நாம் படித்த சொல், ஒருவன் உயிர்விட்ட காரணமாகக் கல்லில் நிற்கிறது.

இக்கதையைத் தொடக்கநிலை 5 மாணவர்களுக்குச் சொன்னேன். மாடு என்பது செல்வம் என்று விளக்கியபோது அவர்கள் நம்பவில்லை. பொங்கல் காலத்தில் லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளைப் படம் எடுத்ததே அவர்களுக்கும் மாட்டுக்கும் உள்ள தொடர்பு. ஆகவே நம் ஊரையே சான்றாக்கினேன். தேக்காவில் பஃபலோ ரோடு என்றும் கெர்பாவ் ரோடு என்றும் ஏன் பெயர் வந்தது? கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். 19-ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதியில் மாட்டு வணிகம் செழித்திருந்தது. இந்தியர் பலர் அங்கே குடியேற அதுவும் ஒரு காரணம். “அப்போ கேகே ஹாஸ்பிட்டல்னா எருமை ஹாஸ்பிட்டலா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். அங்கே பிறந்த பாதி வகுப்பும் ஒருவரையொருவர் எருமை என்று அழைத்து மகிழ்ந்தது.

இன்னொரு மாணவி, “அயர்லாந்து மொழிக்குக் கேலிக்னு பேராம், நம்ம கேலாங்குக்கும் அதுக்கும் சொந்தமா டீச்சர்?” என்று கேட்டாள். சொந்தமில்லை. கேலாங் என்ற பெயர் ஆலையைக் குறிக்கும் ‘கிலாங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. ஐரிஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டியக் கிளை மொழி. தமிழ் திராவிட மொழி. ஒலி ஒத்திருப்பதாலோ கதை ஒத்திருப்பதாலோ மொழிகள் உறவாகிவிடா. தமிழிலிருந்தே எல்லாம் பிறந்தது என்று மாணவர்களிடம் சொல்வது எளிது. ஆனால் அச்சொல்லை அவர்கள் வளர்ந்தபின் சோதித்துப் பார்ப்பார்கள். மாடு செல்வமாக இருந்த இரு சமுதாயங்கள், தனித்தனியே, மாட்டுக்காகப் பாடின என்பதே எனக்குப் பெருஞ்செய்தியாகப் படுகிறது.

இந்தப் பழம்பெருமைக்குப் பிறகு ஐரிஷ் மொழிக்கு நேர்ந்ததைப் பெற்றோர்கள் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

1845 முதல் சில ஆண்டுகள் நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இன்னொரு பத்து இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஐரிஷ் பேசிய ஏழை மக்களையே பஞ்சம் மிகுதியாகத் தாக்கியது. பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் முடிவு செய்தனர். அக்காலத்தில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பிள்ளை ஐரிஷ் பேசும்போதெல்லாம் குச்சியில் ஒரு வெட்டு விழும். வெட்டுகளை எண்ணி ஆசிரியர் அடிப்பார். வீட்டில் அந்த வெட்டுகளைப் போட்டவர்கள் பெற்றோர்களே. அவர்கள் தம் மொழியை வெறுத்தவர்கள் அல்லர். பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்று எண்ணியவர்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

1922-இல் தனி நாடு அமைந்தபின் ஐரிஷ் பள்ளிகளில் கட்டாயப் பாடமாயிற்று. 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதை முதல் ஆட்சிமொழி என்றது. விளைவு என்ன? 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று கூறியவர்கள் 18 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோர் 72 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. அரசு இருந்தும், சட்டம் இருந்தும், பாடநூல் இருந்தும், ஆசிரியர் இருந்தும் பள்ளியால் மட்டும் ஒரு மொழியைச் சமையலறைக்குக் கொண்டுசேர்க்க இயலவில்லை.

நம் நிலையையும் பார்ப்போம். சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர்கள் 2010-இல் 36.7 விழுக்காடு, 2020-இல் 27.9 விழுக்காடு. பிற இந்திய மொழியினரும் இக்கணக்கில் அடங்குவர் என்றாலும் சரிவு சரிவுதான். நமக்கும் அரசின் ஆதரவு உண்டு, ஆட்சிமொழி என்ற தகுதி உண்டு, ஆசிரியர்கள் உளர். ஆகவேதான் அயர்லாந்து எனக்குத் தொலைவில் உள்ள நாடாகத் தோன்றவில்லை.

ஆனால் அதே அயர்லாந்து ஆசிரியர்களுக்கு ஓர் அரிய வழியையும் காட்டியிருக்கிறது. 1935-இல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தியது. மேல் வகுப்புப் பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியரிடமும் அண்டை வீட்டு முதியோரிடமும் கதைகள், மருந்துகள், விளையாட்டுகள், பழமொழிகள், விழாக்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வந்தனர். 55 தலைப்புகள் கொண்ட கையேடு ஒன்று ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்டது. 50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்றனர். திரண்டவை ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். அந்த ஆணையத்தின் தொகுப்பு 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகள் ஒரு நாட்டின் செல்வமாயின!

இதைப் படித்த அன்றே என் வகுப்பிலும் செய்து பார்க்க வேண்டுமென்று முடிவு செய்தேன். 55 தலைப்புகள் நமக்கு மிகுதி. எட்டுத் தலைப்புகள் போதும் என்று வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு பழைய பாணிக் கோடிட்ட ஏடு. வாரம் ஒரு தலைப்பு. முதியவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுத வேண்டும்; திருத்தக்கூடாது. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பாட்டி தாத்தா ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேட்கலாம்.

முதல் வாரமே ஒரு தந்தையார் அழைத்தார். “டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இது பி.எஸ்.எல்.இ.-ல வருமா?” என்று கேட்டார். நேரடியாக வராது என்றேன். பிறகு ஏன் என்றார். “உங்கள் அம்மாவும் உங்கள் மகனும் ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் பேசிக்கொள்கிறார்கள்?” என்று நான் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அவங்க தமிழ்ல கேட்பாங்க, இவன் இங்கிலீஷ்ல பதில் சொல்லுவான். அப்புறம் அவங்க டிவி பார்க்கப் போயிடுவாங்க” என்றார்.

அந்த மகன் கொண்டுவந்த ஏட்டில்தான் ‘பெரட்டு’ என்ற சொல்லைக் கண்டேன். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம் அது. அவன் பாட்டி பன்னிரண்டு வயதில் பெரட்டில் நின்றவர். “எங்க பாட்டி பிரைமரி சிக்ஸ் வயசுல வேலைக்குப் போனாங்க” என்று அவன் எழுதியிருந்தான். இன்னொருவனின் தாத்தா, இன்று கேலாங் ஈஸ்ட்டில் இருக்கும் சிவன் கோயில் முன்பு ஆர்ச்சர்ட் சாலையில் இருந்ததையும், 1983-இல் பெருவிரைவு ரயில் பணிக்காக அது இடம்பெயர்ந்ததையும் சொல்லியிருந்தார். நாள்தோறும் அக்கோயிலைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அது புதுச்செய்தி. கேலாங் சிராயில் வசிக்கும் தமிழ் முஸ்லிம் மாணவன் நோன்புக் கஞ்சி காய்ச்சும் முறையைப் பாட்டியின் மலாய் கலந்த தமிழிலேயே எழுதி வந்தான். திருத்தக்கூடாது என்று நானே விதித்ததால் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

என்னை நெகிழவைத்தது ஒப்பாரித் தலைப்பு. அயர்லாந்திலும் இறந்தவரைச் சுற்றி அமர்ந்து பெண்கள் பாடியழும் வழக்கம் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒலிப்பதிவுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. இதை வகுப்பில் சொல்லியிருந்தேன். மறுவாரம் ஒரு மாணவி வெறும் ஐந்து வரிகளுடன் வந்தாள். “பாட்டி பாட மாட்டேன்னு சொல்லிட்டாங்க டீச்சர். சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி பாடக்கூடாதாம்” என்றாள். அந்த ஐந்து வரிகளையே எழுதிய மாணவியைப் பாராட்டினேன். பாடலைப் போலவே பாடாமைக்கான காரணமும் ஒரு வழக்காறுதான் அல்லவா?

சில நாள்களுக்குப் பின் அவளுடைய தாயார் என்னைப் பார்க்க வந்தார். மாமியார் தாமாகவே பேத்தியை அழைத்துக்கொண்டு புளோக்குக்குக் கீழே சென்று, கல் இருக்கையில் அமர்ந்து, தம் தாய் இறந்தபோது தாம் பாடியதை மெல்லச் சொல்லிக் கொடுத்தாராம். வீட்டுக்குள்தானே பாடக்கூடாது! “எனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அவங்களுக்குப் பாடத் தெரியும்னே எனக்குத் தெரியாது டீச்சர்” என்றார். ஏட்டில் பேத்தி எழுதியிருந்த கடைசி வரி: “பாட்டி சொன்னார், நான் போகும்போது பாட ஆள் இல்லை என்று நினைத்தேன்.”

அந்தப் பாடலை இங்கே தரமாட்டேன். அது அந்தக் குடும்பத்திற்கு உரியது.

இம்முயற்சியால் தமிழ் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நான் கூறவில்லை. பத்தொன்பது மாணவர்களில் நால்வர் இரண்டு வாரத்தோடு நிறுத்திவிட்டனர். வீட்டில் முதியவரே இல்லாத மூவருக்குப் பள்ளிக்கு அருகில் உள்ள கடைக்காரரை நாடும்படி ஆயிற்று. அயர்லாந்தில் 7,40,000 பக்கங்கள் திரண்ட பின்னும் பேசுவோர் குறைந்துகொண்டுதான் இருந்தனர்; தாம்சன் நேசித்த பிளாஸ்கெட் தீவிலிருந்து எஞ்சிய மக்களும் 1953-இல் வெளியேற்றப்பட்டனர். ஏடு மொழியைக் காப்பதில்லை. ஆனால் ஏடு ஒரு கேள்வியைக் குழந்தையின் வாயில் வைக்கிறது. அக்கேள்விக்கு விடை சொல்ல ஒருவர் வீட்டில் இருக்கும்வரை உரையாடல் நடக்கும். முன்பு குறிப்பிட்ட தந்தையார் ஆண்டிறுதியில் அனுப்பிய குறுஞ்செய்தியில், மகன் இப்போதும் பாதி ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான் என்றும், ஆனால் பாட்டி டிவி பார்க்க எழுந்து போவதில்லை என்றும் எழுதியிருந்தார்.

ஆசிரிய நண்பர்களே, நான் பயன்படுத்திய எட்டுத் தலைப்புகள் இவை: பெயர் வைத்த கதை, சிறுவயது விளையாட்டு, கை வைத்தியம், பண்டிகைச் சமையல், வேலைக்குப் போன முதல் நாள், பழைய இடப்பெயர்கள், தாலாட்டு, ஒப்பாரி. உங்கள் மாணவர்களுக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஏட்டோடு பாட்டியின் அறைக்குள் சென்றால், அரைமணி நேரம் துணைப்பாட வகுப்பைத் தள்ளி வையுங்கள். பாட்டியின் மொழியில் பிழை இருப்பதாகத் தோன்றினாலும் குறுக்கிடாதீர்கள்.

உங்கள் வீட்டு முதியவர்கள் சொன்ன சொற்களில் அகராதியில் இல்லாதது ஏதேனும் இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். ‘பெரட்டு’க்கு அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை